கிளாம்புக்கு வயது குறைந்த கதை

கம்பெனி கைமாறிய நள்ளிரவில் நான் கடலில் நிற்கும் எங்கள் எண்ணெய் மேடையின் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். கடலுக்கு அது தெரியவில்லை. 11:59-க்கு ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் 12:00-க்கும் ஓடியது. மிஞ்சும் வாயுவை எரிக்கும் ஃபிளேரில் தீ அதே பக்கம் சாய்ந்து எரிந்தது. எல்லோருடைய கணினியிலும் ஒரே நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. "இன்று முதல் நாம் ஒரே குடும்பம்" என்று தொடங்கிய அதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

அந்த இரவில் எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கரையிலுள்ள அவசரநிலை மையத்தின் தொலைபேசி எண் பன்னிரண்டு மணியோடு மாறுகிறது. புதிய எண்ணை அழைத்துச் சரிபார்த்துவிட்டு, பழைய எண்ணைச் சுவரிலிருந்து கிழித்துவிட வேண்டும். 12:05-க்கு அழைத்தோம். நெடுநேரம் மணி அடித்தது. கடைசியில் எடுத்தவர் புதிய தலைமை அலுவலகத்தின் இரவுக் காவலாளி. யார் வேண்டும் என்று கேட்டார். எங்கள் மேடை மேலாளர் பொறுமைசாலி. "கடலில் தீப்பிடித்தால் நாங்கள் யாரிடம் பேச வேண்டுமோ, அவர் வேண்டும்" என்றார். "அவர்களெல்லாம் காலை எட்டரைக்குத்தான் வருவார்கள், ஐயா" என்று பதில் வந்தது.

பட்டியலைத் தட்டச்சு செய்தவர் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார், அவ்வளவுதான். சரியான எண்ணைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை பழைய எண்ணை நாங்கள் கிழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகும் ஒரு மாதம் கிழிக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கடல் மேடைகளில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். ஒரே மேடையோடு சேர்த்து இரண்டு முறை விற்கப்பட்டிருக்கிறேன். ஒரு முறை வாங்குகிறவர் பக்கம் நின்று, வேறொருவரின் மேடையைப் பார்த்து மதிப்பிடப் போயிருக்கிறேன். இந்த வியாபாரங்களைப் பற்றிப் பத்திரிகைகளின் பொருளாதாரப் பக்கங்களில் வரும் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். எத்தனை கோடி டாலர், எத்தனை லட்சம் பீப்பாய், பங்கு விலை எவ்வளவு ஏறியது என்று எல்லாம் இருக்கும். மேடையில் அப்போது திறந்து கிடக்கும் வேலைகள் என்ன ஆகின்றன என்று ஒரு வரி இருக்காது. முடிந்த வேலையைக் கைமாற்றுவது எளிது. பாதியில் நிற்கும் வேலையும், தற்காலிகமாகச் செய்து வைத்த பழுதுபார்ப்பும், "இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்" என்று விட்டவையும்தான் கைமாறும்போது தவறி விழுகின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் விற்பனை ஒரு நாளில் நடந்ததாகத் தோன்றும். உண்மையில் அதற்கு மூன்று தேதிகள் உண்டு. முதலாவது கணக்குத் தேதி. அன்றிலிருந்து வரும் லாபமும் செலவும் வாங்குகிறவருடையவை என்று தாளில் எழுதிக்கொள்வார்கள். இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள். மூன்றாவது ஒப்படைக்கும் நாள். அரசின் ஒப்புதல், கூட்டாளிகளின் சம்மதம், போட்டி ஆணையங்களின் அனுமதி எல்லாம் கையெழுத்துக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் நடக்கும். எண்ணெய்க் கம்பெனியான ஷெல், பி.ஜி. குழுமத்தை வாங்கப்போவதாக 2015 ஏப்ரலில் அறிவித்தது. வியாபாரம் முடிந்தது 2016 பிப்ரவரியில். பத்து மாதம்.

அந்தப் பத்து மாதமும் மேடை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுகிறவர் விற்கிறவர், பணம் கடைசியில் வாங்குகிறவருடையது. ஒரு வரம்புக்கு மேல் செலவு செய்ய வாங்குகிறவரின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். ஒப்படைப்புக்கு முன்னால் வாங்குகிறவர் அதிகாரம் செலுத்தக் கூடாது என்று போட்டிச் சட்டம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் எங்கள் தீயணைப்பு பம்பின் டீசல் இன்ஜின் மாட்டிக்கொண்டது. அதற்கு ஓவர்ஹால் நேரம் வந்திருந்தது. நான் அனுப்பிய அனுமதிக் கோரிக்கை இரண்டு கம்பெனிகளின் வழக்கறிஞர்களிடமும் போய், ஏழு வாரம் கழித்து, "இது வழக்கமான செலவா, அசாதாரணச் செலவா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. பம்ப் ஓடாவிட்டால்தான் அசாதாரணம் என்று எழுதி அனுப்பினேன். அதற்காகக் கண்டிக்கப்பட்டேன், ஆனால் ஓவர்ஹால் நடந்தது.

கம்பெனியின் பங்குகளையே வாங்கினால் உரிமமும் ஒப்பந்தங்களும் அந்தக் கம்பெனியின் பெயரிலேயே பெரும்பாலும் தொடரும். மேடையை மட்டும் தனியாக வாங்கினால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பெயர் மாற்ற வேண்டும். ஹெலிகாப்டர், சப்ளைக் கப்பல், கிரேன் சோதனை, சாப்பாட்டு கான்டிராக்ட் வரை எல்லாம். வழக்கறிஞர்களுக்கு நல்ல காலம்; அதற்கு மேல் அதில் சுவாரஸ்யம் இல்லை.

வாங்குகிறவர் பக்கம் நின்று நான் போன அந்த ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். ஆறு பேர் போனோம். ஹெலிகாப்டர் இறங்கி, பாதுகாப்பு வகுப்பு முடிந்து, சாப்பிட்டு, மீண்டும் ஏறும் வரை எங்களுக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். எங்களை அழைத்துச் சென்ற வழி முழுவதும் மஞ்சளும் சாம்பலும் பளபளத்தன. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன்; கையுறையில் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. கூட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மேடையைப் பார்க்க ஆட்கள் வந்தபோது நாங்களும் அதே வேலையைத்தான் செய்தோம், அவர்கள் நடக்கும் வழியில் மட்டும்.

விற்கிறவர் தன் ஆவணங்களைக் கணினியில் திறந்து காட்டும் டேட்டா ரூமில் மட்டும் என்ன வாழ்ந்தது? நிலத்தடி எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள், முப்பரிமாண மாதிரிகள், மூன்று நிபுணர் அறிக்கைகள். விலையைத் தீர்மானிப்பது அதுதான் என்பதால் அது நியாயமே. தற்காலிகப் பழுதுபார்ப்புகளின் பட்டியல் ஒரே ஒரு பி.டி.எஃப். கோப்பாக இருந்தது. அச்சிட்ட தாளை யாரோ ஸ்கேன் செய்திருந்தார்கள், அதுவும் கோணலாக.

இப்போது கிளாம்புக்கு வருகிறேன். கடல் மேடையில் எல்லாமே துருப்பிடிக்கும். குழாயில் சுவர் மெலிந்து ஊசித்துளை விழுந்தால், அதை உடனே வெட்டி மாற்ற முடியாது. அதற்கு அந்த அமைப்பையே நிறுத்த வேண்டும். அதனால் இரண்டு அரைவட்ட இரும்புத் துண்டுகளை, உள்ளே ரப்பர் வைத்து, குழாயைச் சுற்றிப் போல்ட் போட்டு இறுக்குவோம். அதுதான் கிளாம்ப். எங்கள் விதிப்படி அதற்கு ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் குழாயை மாற்ற வேண்டும், அல்லது பொறியாளர் ஆராய்ந்து கையெழுத்திட்டு நீட்டிக்க வேண்டும். போட்ட தேதியை வெள்ளைப் பெயின்டில் கிளாம்பின் மேலேயே எழுதிவிடுவது எங்கள் பழக்கம்.

ஒப்படைப்புக்குப் பிறகு நான்காவது மாதம், ஒரு வார இறுதியில், எங்கள் பராமரிப்புக் கணினியைப் புதிய முதலாளியின் கணினியோடு இணைத்தார்கள். கருவிகளை அடையாளம் காட்டும் பல்லாயிரம் டேக் எண்கள், அவற்றின் பணி வரலாறு, உதிரிப் பாகங்கள் எல்லாம் ஒரே மூச்சில் மாற்றப்பட்டன. பாராட்ட வேண்டிய வேலை. பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஆனால் பழைய கணினியில் தற்காலிகப் பழுதுபார்ப்புகளுக்கென்று ஒரு தனிப் பதிவேடு இருந்தது. புதியதில் அப்படி ஒரு வகையே இல்லை. மாற்றியவர்கள் அவற்றையெல்லாம் சாதாரணப் பணி ஆணைகளாகக் கொண்டுவந்தார்கள். தொடங்கிய தேதி என்ற கட்டத்தைக் கணினி தானே நிரப்பிக்கொண்டது. எங்கள் 31 கிளாம்புகளும் ஒரே சனிக்கிழமையில் பிறந்தன.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மேடையில் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஒரு காலையில் என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். தீயணைப்புத் தண்ணீர் போகும் எட்டு அங்குலக் குழாய், முழங்காலிட்டுத்தான் பார்க்க வேண்டிய மூலை. டார்ச்சை அடித்தார். கிளாம்பின் விளிம்பில் பழுப்பு நிறக் கண்ணீர்க்கோடு. வெள்ளைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தாலும் தேதியைப் படிக்க முடிந்தது. மூன்று ஆண்டுக்கு முந்தையது. இன்னொரு கையிலிருந்த டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். அடுத்த ஆய்வு, இன்னும் ஒரு வருடம் பதினொரு மாதம் கழித்து.

"தம்பி, கம்பெனி மாறியதில் நம் எல்லோருக்கும் வயது கூடியது. இதற்கு மட்டும் குறைந்திருக்கிறது" என்றார்.

"நீட்டிப்புக் கையெழுத்து இருந்ததே அண்ணே, அது எங்கே போனது?" என்று கேட்டேன்.

"அது இணைப்புக் கோப்பு. இணைப்புகளை இரண்டாம் கட்டத்தில் கொண்டுவருவார்களாம்."

மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். கிரீஸ் படிந்து, ஓரம் சுருண்டு, பென்சிலால் எழுதியது. ஒவ்வொரு கிளாம்புக்கும் ஒரு வரி: குழாய், இடம், போட்ட நாள், அன்று போல்ட்டை எவ்வளவு முறுக்கினார்கள், அப்போது பணியில் இருந்தது யார். அந்த வாரம் முழுவதும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு கணினியைத் திருத்தினோம். 31-இல் ஒன்பதுக்குக் காலம் கடந்திருந்தது. இரண்டை அன்றே தனிமைப்படுத்தினோம்.

என் பேச்சில் பைப்பர் ஆல்ஃபா அடிக்கடி வருகிறது என்று என்னோடு வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். வராமல் எப்படி இருக்கும்? 1988 ஜூலை 6 அன்று வட கடலில் அந்த மேடையில் இருந்த வாயுவிலிருந்து பிரியும் திரவத்தைத் தள்ளும் இரண்டு கண்டன்சேட் பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த இடத்தில் குழாயை மூடும் வெற்று ஃபிளாஞ்ச் ஒன்றை வைத்திருந்தார்கள். வேலை பகலில் முடியவில்லை. வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஷிப்ட்டின் கைக்கு வந்து சேரவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன் மற்றொரு பம்ப் நின்றுபோக, வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அதே குழாய் வலையில் இணைந்திருந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகள் பைப்பர் எரிவது தெரிந்த பிறகும் உடனே நிறுத்தவில்லை. அந்த இரண்டில் டார்ட்டனை இயக்கியது வேறொரு கம்பெனி.

அங்கே முதலாளி மாறவில்லை; ஷிப்ட் மட்டும்தான் மாறியது. ஒரே கம்பெனி, ஒரே கணக்குப் புத்தகம், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் ஆட்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கும் கைமாற்றத்திலேயே ஒரு தாள் தவறிப்போனது. கம்பெனி கைமாறும்போது அப்படிப்பட்ட தாள்கள் நூற்றுக்கணக்கில், ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்திராத ஆட்களுக்கு நடுவே நகர்கின்றன. விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990-இல் 106 பரிந்துரைகளோடு வந்தது. அதன் பிறகுதான் பிரிட்டனில், இந்த மேடையில் என்னென்ன ஆபத்து, அவற்றை எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று இயக்குகிறவரே எழுதிக் காட்டி, அது ஏற்கப்பட்டால்தான் மேடையை இயக்கலாம் என்ற முறை வந்தது. அந்த ஆவணத்தைப் பழைய கம்பெனி தன் பழக்கத்துக்கு எழுதியிருக்கும். புதியவர் அட்டையில் பெயரை மாற்றிவிட்டு உள்ளே கை வைக்காமல் விட்டால், மேடை ஒரு விதமாகவும் காகிதம் வேறு விதமாகவும் ஓடும்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் நிறைய. தூக்குப் பட்டைகளுக்கும் சங்கிலிகளுக்கும் சோதனை முடிந்ததும் ஒரு நிறம் பூசுவோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிறம் மாறும். அந்த நிறம் இல்லாததை யாரும் தொடக் கூடாது. எங்களுக்கு அந்தப் பருவத்தில் பச்சை. வாங்கியவர்களுக்குப் பச்சை முந்தைய பருவத்து நிறம், காலாவதி. சப்ளைக் கப்பலில் வந்த அவர்களுடைய நீலப் பட்டைகளை எங்கள் ஆட்கள் ஒதுக்கி வைத்தார்கள். எங்கள் பச்சைப் பட்டைகளை அவர்கள் ஆட்கள் வெட்டிப் போட்டார்கள். நல்ல பட்டைகள்! இதில் யாருக்கும் ஆபத்தில்லை, நஷ்டம் மட்டும்தான். ஆனால் இதுவே மறுபக்கம் திரும்பியிருந்தால், அவர்களிடம் காலாவதியான பச்சைப் பட்டை ஒன்று எங்கள் கைக்கு வந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனிகளின் இணைப்பு அறிவிக்கப்படும்போதே ஆண்டுக்கு இவ்வளவு மிச்சமாகும் என்று பங்குதாரர்களுக்கு ஓர் எண் சொல்லப்படும். அந்த எண் பெரும்பாலும் கரையில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்களின் நாற்காலிகளால் ஆனது. யாரை அனுப்புவது என்று மேலிடம் முடிவு செய்வதற்குள், வேறு வேலை எளிதாகக் கிடைக்கக்கூடியவர்கள் தாமாகவே போய்விடுவார்கள். அவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் எங்கள் பிரிகலன் ஒன்றில் திரவ மட்டத்தின் எச்சரிக்கை அளவு மற்ற மேடைகளைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. புதிய அலுவலகத்துக்கு எல்லா மேடைகளிலும் ஒரே அளவு இருந்தால் அழகாக இருக்கும் என்று பட்டது, மாற்றினார்கள். மாற்றத்துக்கான படிவம் முறைப்படி சுற்றி வந்தது, எல்லோரும் கையெழுத்திட்டார்கள், நானும் இட்டேன். ஒன்பது நாளில் கம்ப்ரசர் மூன்று முறை நின்றது. அளவை முதலில் நிர்ணயித்த பொறியாளர் அப்போது போட்டிக் கம்பெனியில் இருந்தார். வெட்கத்தை விட்டு அவரை அழைத்தேன். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது: "நுரை." எங்கள் எண்ணெய் நுரைக்கும்; நுரைக்குள் மட்டமானி ஏமாந்துபோகும்; திரவம் வாயுவோடு சேர்ந்து கம்ப்ரசருக்குப் போகும். அதனால்தான் அளவைத் தாழ்த்தி வைத்திருந்தார். காரணத்தை எங்கேயாவது எழுதினீர்களா என்று கேட்டேன். மின்னஞ்சலில் எழுதியதாகச் சொன்னார். அவருடைய மின்னஞ்சல் பெட்டி அவர் விலகிய மறுவாரமே அழிக்கப்பட்டிருந்தது.

விற்றவருக்கு இதெல்லாம் முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். கடலில் நட்ட இரும்பை ஒரு நாள் பிடுங்கியாக வேண்டும். 1995-இல் பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லான்டிக் ஆழத்தில் மூழ்கடிக்க ஷெல் முயன்றபோது சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் அதில் ஏறி அமர்ந்தது. ஐரோப்பாவில் கிளம்பிய எதிர்ப்பில் ஷெல் பின்வாங்கியது. 1998-இல் வடகிழக்கு அட்லான்டிக் நாடுகள் சேர்ந்து, பயன் முடிந்த மேடைகளைக் கடலிலேயே போட்டுவிடக் கூடாது என்று முடிவெடுத்தன. மிகக் கனமான பழைய அடித்தளங்களுக்கும் கான்கிரீட் கட்டுமானங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அகற்றும் செலவு சில நேரம் மேடையின் விலையையே விழுங்கும். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, இப்போதைய உரிமையாளரால் முடியாவிட்டால் பழைய உரிமையாளரையே அரசு திரும்ப அழைக்கலாம்.

அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான அப்பாச்சி 2013-இல் மெக்சிகோ வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதியில் இருந்த தன் மேடைகளை ஃபீல்ட்வுட் எனர்ஜிக்கு 375 கோடி டாலருக்கு விற்றது. ஃபீல்ட்வுட் 2018-இல் ஒரு முறை, 2020-இல் இன்னொரு முறை திவால் மனு கொடுத்தது. கிணறுகளை அடைக்கும் பொறுப்பு சுற்றிச் சுற்றி அப்பாச்சியின் வாசலுக்கே வந்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம். டிமோர் கடலில் நின்ற நார்தர்ன் எண்டவர் என்ற உற்பத்திக் கப்பலை வுட்சைட் என்ற பெரிய கம்பெனியிடமிருந்து ஒரு சிறு கம்பெனி வாங்கியது. 2019-இல் பாதுகாப்புக் குறைகளுக்காக ஒழுங்குமுறை அமைப்பு உற்பத்தியை நிறுத்த வைத்தது. 2020-இல் கம்பெனி கலைப்புக்குப் போனது. கப்பல் அரசின் தலையில். அதை அகற்றும் செலவுக்காகக் கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லாக் கம்பெனிகளிடமிருந்தும் பீப்பாய்க்கு 48 சென்ட் வரி வாங்க வேண்டியதாயிற்று. பழைய உரிமையாளரைத் திரும்ப அழைக்கும் சட்டத்தை 2021-இல்தான் கொண்டுவந்தார்கள்.

இதனால் விற்கிறவர்களும் கொஞ்சம் விழித்துக்கொண்டார்கள். ஷெல் 2017-இல் வட கடல் சொத்துகள் சிலவற்றைக் கிறைசார் கம்பெனிக்கு விற்றபோது, அகற்றும் செலவில் 100 கோடி டாலரைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டது. நல்ல ஏற்பாடு. சிறிய கம்பெனி என்றாலே மேடையைப் பாழாக்கிவிடும் என்று நான் சொல்லவும் இல்லை. பெரிய கம்பெனிக்குக் கடைசி வரிசையில் கிடந்த எண்ணெய் வயல், சின்னக் கம்பெனிக்கு முதல் வரிசை. பி.பி.யிடமிருந்து 2003-இல் ஃபோர்ட்டீஸ் வயலை வாங்கிய அப்பாச்சி புதிய கிணறுகள் தோண்டிப் பல ஆண்டுகள் எண்ணெய் எடுத்தது. எங்களை வாங்கியவர்களும், காவலாளி விஷயத்தை மன்னித்துவிட்டால், பழையவர்கள் பத்து ஆண்டாகத் தள்ளிப்போட்ட கிரேனை எட்டு மாதத்தில் மாற்றினார்கள்.

காற்றாலைக்கு மாறிவிட்ட நண்பர்கள், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் விண்டபி 1991-இல் 11 விசிறிகளோடு தொடங்கி, 2017-இல் கழற்றப்பட்டது. வெடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் பண்ணையை விற்கும்போது விசிறியின் உள்தரவுகள் தயாரித்தவரின் கணினியில் பூட்டிக் கிடக்கும், கடவுச்சொல் யாரிடம் என்பதே பேரத்தில் ஒரு பிரிவு ஆகும் என்று அதே நண்பர்கள்தான் இன்னொரு நாள் புலம்பினார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து எங்கள் மேடை மீண்டும் விற்பனைக்கு வந்தது. இந்த முறை டேட்டா ரூமுக்குத் தற்காலிகப் பழுதுபார்ப்புப் பட்டியலைத் தயாரித்துப் போடும் வேலை என்னுடையது. கோணல் ஸ்கேன் வேண்டாம் என்று எக்செல் கோப்பாகவே போட்டேன். அதில் தேதிக்கு இரண்டு கட்டங்கள் வைத்தேன்: ஒன்று கணினி சொல்லும் தேதி, இன்னொன்று கிளாம்பின் மேல் எழுதியிருக்கும் தேதி. மூன்று வாரம் யாரும் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. யார் எதைத் திறந்தார்கள் என்று டேட்டா ரூம் காட்டிக்கொடுத்துவிடும். நான்காவது வாரம் ஒரு கேள்வி வந்தது. ஏன் இரண்டு தேதி?

நடந்ததை நான்கு வரியில் எழுதினேன். பதில்களைப் பார்த்து அனுப்பும் எங்கள் வழக்கறிஞர் நோட்டைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மறுநாள் காலை வாங்குகிறவரிடமிருந்து அடுத்த கேள்வி வந்திருந்தது: அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?

அண்ணன் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார். அவருக்குப் போன் செய்தேன்.